மருந்தும் பொழுதும்

காலமறிந்து செய்வதே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. மருந்தின் அளவேயன்றி, அது உடலிற் செல்லும் நேரமும் பயனை மாற்றும் என்பதை இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

அவ்வரலாற்றின் முதல் ஏட்டிற் சென்னைக்கும் பங்குண்டு. 1895-இல் பீமவரத்திற் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1923-இல் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். இரத்த அணுக்கள் பெருகுவதற்கு அவ்வமிலம் இன்றியமையாதது. அதன் உருவை ஒத்து, அதன் தொழிலைத் தடுக்கும் அமினாப்டெரின் என்னும் மருந்தும் அக்கூடத்திலேயே தோன்றிற்று. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனைக் கையாண்டு, 16 குழந்தைகளுள் 10 பேர் தேறினர் என 1948-இல் அறிவித்தார். அத்தேற்றம் நிலைக்கவில்லை. எனினும், மருந்தால் இந்நோய் தணியும் என்பது மெய்யாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் மறைந்தார்.

அமினாப்டெரினின் உடன்பிறப்பே இன்றும் வழங்கும் மெத்தோட்ரெக்சேட். இது இரத்தத்தில் மிகுந்திருந்தால் மட்டும் போதாது. நோயுற்ற அணுவினுட் புகுந்து, குளூட்டமேட் என்னும் கண்ணிகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்பெற்று, எளிதில் வெளியேறாதவாறு அங்கே தங்குதல் வேண்டும். அதற்குக் காலம் தேவை. கொட்டித் தீர்க்கும் மழை ஓடிவிடும். நின்று பெய்யும் மழையே நிலத்தில் ஊறும் அன்றோ?

2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 1 கிராம் என்னும் ஒரே அளவு மருந்தைக் குழந்தைகளுட் சிலருக்கு 4 மணி நேரத்திலும், சிலருக்கு 24 மணி நேரத்திலும் நரம்பு வழியே செலுத்தினர். 24 மணி நேரம் பெற்றவர்களின் நோயணுக்களிலேயே மருந்து மிகுதியாகத் தங்கிற்று. ஆயினும், நெடுநேரம் தங்கும் மருந்து நல்லணுக்களையும் வருத்தும். ஆதலின் குறித்த வேளையில் லூக்கோவோரின் என்னும் மாற்றுமருந்து தந்து அவற்றைக் காக்கின்றனர்.

சுப்பாராவ் பயின்ற அதே கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். சேலம்–ஜோலார்பேட்டை இருப்புப்பாதையிலுள்ள பொம்மிடி போன்ற ஊர்களிலிருந்து குழந்தையோடு சென்னைக்கு வரும் ஏழைப் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். 4 மணிக்கும் 24 மணிக்கும் உள்ள வேற்றுமை அவர்களுக்கு ஓர் இரவுத் தங்கல்; ஒருநாட் கூலி. மருத்துவமனைக்கோ ஒரு படுக்கை. மருந்தை மட்டும் ஈந்து, அது வேலை செய்தற்குரிய பொழுதை ஈயாவிடில் ஈகை நிறைவுறாது. பொழுதும் மருந்தின் ஒரு பகுதியே.