வாசல் தேடி வந்த சாப்பாடு

1940 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் மாநகரத்தின் மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு மழை பொழிய ஆரம்பித்தன. எட்டு மாதம் அந்தத் தாக்குதல் ஓயவில்லை. வாலிபர்கள் போர்முனைக்குப் போயிருந்தார்கள். பெண்களில் பலர் ஆயுதத் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். குழந்தைகளை முன்பே கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி கிராமங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். வீடே கதி என்று நகரத்தில் தங்கிவிட்டவர்களில் வயதானவர்கள் அதிகம். அவர்கள் கையில் ரேஷன் அட்டை இருந்தது; கடை வரிசையில் நிற்கக் காலில் தெம்பு இல்லை. அந்தப் பாட்டி தாத்தாக்கள் மத்தியானம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கப் போர்க்கால அரசாங்கத்துக்கு ஏது நேரம்? விசாரித்தது வேறொரு கூட்டம்.

1938-இல் ரீடிங் சீமாட்டி என்ற பெண்மணி தொடங்கிய மகளிர் தொண்டர் படை அது. விமானத் தாக்குதல் வந்தால் உதவுவதற்குப் பெண்களைத் திரட்டத்தான் அதை ஆரம்பித்தார்கள். சமையல் அவர்கள் திட்டத்தில் முதன்மையாக இல்லை. குண்டு விழுந்த தெருக்களில் வண்டியை நிறுத்தித் தேநீரும் சூப்பும் கொடுக்கப்போன இடத்தில்தான் ஒரு விஷயம் அவர்கள் கண்ணில் பட்டது. நடக்க முடிந்தவர்கள் வண்டிக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள். நடக்க முடியாதவர்கள் வரவேயில்லை. அப்படியானால் வண்டி அவர்களிடம் போக வேண்டியதுதானே? யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்ரோலுக்கும் ரேஷன்!

1943-இல் லண்டனுக்கு வடமேற்கே உள்ள ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரில் அந்தப் பெண்கள் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். மோட்டார் இல்லாத இடங்களில் கைகொடுத்தது குழந்தையைப் படுக்க வைத்துத் தள்ளும் பழைய தள்ளுவண்டி. குளிர் நாட்டில் சமையற்கட்டிலிருந்து நாலு தெரு தாண்டுவதற்குள் உருளைக்கிழங்கு சில்லிட்டுப் போய்விடும். அதற்கு வைக்கோல் பொதியை வண்டிக்குள் திணித்தார்கள். வீட்டில் கழித்துப்போட்ட பழைய தொப்பிகளைக்கூடத் தட்டுகளின் மேல் கவிழ்த்துப் பார்த்தார்கள். சூடு நின்றது! பச்சைச் சீருடை போட்ட ஒரு பெண், பிள்ளை இல்லாத பிள்ளைவண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு போனது அன்றைக்கு வேடிக்கையாகத்தான் தெரிந்திருக்கும். போர் முடிந்ததும் இதுவும் முடிந்துவிடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. போர் போனது, தனிமை போகவில்லை. 1952-இல் ஆஸ்திரேலியாவின் தெற்கு மெல்போர்னில் நான்சி டேல் என்பவர் மூன்று சக்கர சைக்கிளில் சாப்பாட்டை வைத்து மிதித்துக்கொண்டு கிளம்பினார். அதே நாட்டில் அடிலெய்டு நகரத்தில் இன்னொரு பெண்ணுக்கும் இதே எண்ணம் வந்தது. அவரால் சைக்கிள் மிதிக்க முடியாது. ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் வீடு வரைகூட அவரால் போக முடியாது.

அவர் பெயர் டோரிஸ் டெய்லர். 1901-இல் பிறந்தவர். சின்ன வயதில் விழுந்து அடிபட்டு, பன்னிரண்டாவது வயதில் மறுபடியும் விழுந்தபின் நடமாட்டம் நின்றுபோனது. தீராத நோயாளிகளுக்கான விடுதி ஒன்றில் சேர்த்துவிடலாம் என்று சொன்னார்கள். தாய் சம்மதிக்கவில்லை, மகள் வீட்டில்தான் இருப்பாள் என்றுவிட்டார். அந்தத் தாயின் ஒரு மறுப்பு எத்தனை ஆயிரம் பேரைப் பின்னாளில் விடுதிகளுக்குப் போகாமல் காப்பாற்றப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

சக்கர நாற்காலியில் இருந்தபடியே டோரிஸ் அரசியல் படித்தார், சங்கங்களில் வேலை செய்தார். டான் டன்ஸ்டன் என்ற இளம் வழக்கறிஞரைத் தேர்தலில் நிற்கத் தூண்டியவரே அவர்தான். அந்த இளைஞர் பிற்காலத்தில் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் முதல்வரானார். டோரிஸின் மனசில் நின்ற கேள்வி ஒன்றுதான். சமைக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனுஷி தன் வீட்டை விட்டுப் போக வேண்டுமா? 1953-இல் அதற்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1954 ஆகஸ்ட் 9-ஆம் தேதி போர்ட் அடிலெய்டு சமையற்கூடத்திலிருந்து முதல் சாப்பாடு புறப்பட்டது. சாப்பிட்டவர்கள் எட்டுப் பேர். சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வந்த தொண்டர்கள் பதினொரு பேர். சாப்பிடுகிறவரைவிடப் பரிமாறுகிறவர் அதிகம்! கணக்குப் பார்க்கிறவர்கள் அன்றைக்கே இழுத்து மூடியிருப்பார்கள். டோரிஸ் மூடவில்லை. 1968-இல் கண்ணை மூடும்வரை அந்த வேலையை விடவும் இல்லை.

அதே 1954-இன் ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மார்கரெட் டாய் என்ற சமூகப் பணியாளர் இதே வேலையை ஆரம்பித்திருந்தார். தட்டேந்திப் போனவர்களில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். ஊர் அவர்களுக்குத் ‘தட்டேந்திய தேவதைகள்’ என்று பெயர் வைத்தது. இப்படி மூன்று கண்டங்களில் முளைத்த அந்த ஏற்பாடுதான் இன்று உலகம் முழுக்க ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ என்று அறியப்படுகிறது.

அதே 1954 பிப்ரவரியில் நம் குற்றாலத்தில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. காலமானார். ராஜாஜியும் கல்கியும் விருந்தாளியாக வந்து தங்கிய வீடு அவருடையது. விருந்துக்குப் பேர் போன சீமை இது. அருவிக் குளியல் முடித்து வருகிறவர்களுக்கு இலைபோட்டுப் பழகிய ஊர்கள். குற்றாலத்தை ஒட்டிக் கிடக்கும் இலஞ்சியிலும் வயலுக்குப் பஞ்சமில்லை, சோற்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நம்முடைய விருந்தோம்பல் எல்லாம் வாசலுக்கு வந்தவருக்குத்தான். வாசல்படி இறங்க முடியாதவருக்கு?

அதற்கான பதில் எதிர்பாராத திசையிலிருந்து பாதி வந்தது. 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். குழந்தைகளுக்கான திட்டம் அது. ஆறு மாதம் கழித்து, 1983 ஜனவரியில், முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களும் அந்தப் பந்தியில் சேர்க்கப்பட்டார்கள். பேரன் சாப்பிடுகிற அதே கூடத்தில் பாட்டிக்கும் ஒரு தட்டு. எவ்வளவு பெரிய மனசு அது! ஆனாலும் அந்தத் தொண்டர் படைப் பெண்கள் பார்த்த அதே சிக்கல் இங்கேயும் காத்திருந்தது. நடக்க முடிந்தவர்தான் கூடத்துக்கு வர முடியும். வர முடியாதவருக்கு ரேஷன் கடையில் மாதம் 4 கிலோ அரிசி என்று ஏற்பாடு ஆனது. அரிசி சரி. கண் மங்கி, கை நடுங்கி, முழங்கால் மடங்காத ஒரு கிழவி அதை உலையில் போட்டுக் கஞ்சி வடிப்பது எப்படி?

இந்த இடத்தில் இலஞ்சிக்குப் பக்கத்து ஆய்க்குடியை நினைக்காமல் இருக்க முடியாது. 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். டோரிஸைப் போலவே இருந்த இடத்திலிருந்து ஊரை எழுப்பியவர். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிற இடம் ஆனது அது. முடியாது என்ற பேச்சு இந்த வட்டாரத்தில் எடுபடாது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கதையின் கடைசித் திருப்பம் மேலை நாட்டு ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. வாரத்துக்கு ஒருமுறை உறைய வைத்த உணவைக் கொத்தாகக் கொடுத்துவிட்டால் செலவு மிச்சம், தினமும் எதற்கு ஆள் போக வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் கலி தாமஸ் குழுவினர் அமெரிக்காவின் எட்டு நகரங்களில் 626 முதியவர்களை வைத்து அதைச் சோதித்தார்கள். தினமும் யாராவது கதவைத் தட்டிச் சாப்பாடு கொடுத்த வீடுகளில் தனிமை உணர்ச்சி நன்றாகவே குறைந்திருந்தது. சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டு, முகம் வாடியிருந்தால் கவனித்து, கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிற அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

தட்டேந்திப் போனவருக்கு என்ன கிடைத்தது? 2020-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, ஐம்பது வயதைத் தாண்டிய ஏறத்தாழ 13,000 பேரைப் பின்தொடர்ந்தது. வருஷத்துக்கு நூறு மணி நேரமாவது தொண்டு செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட இறப்பு அபாயம் குறைவாக இருந்தது. உடல் முடங்கும் அபாயமும் குறைவு. வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்ற நிறைவு அதிகம். நூறு மணி என்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்ட வீட்டில் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு இதைவிட நல்ல மருந்தை எந்த வைத்தியரும் எழுதித் தந்துவிட முடியாது.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியிருந்தார். அந்த விகிதம் ஏறிக்கொண்டுதான் போகிறது. இலஞ்சியில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் ஈரத் தெருவில் கால் வைக்கப் பயந்து எத்தனையோ பேர் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு வீடு தள்ளி ஏதோ ஒரு அடுப்பில் குழைந்த சோறும் ரசமும் ஓர் அவியலும் தயாராகத்தான் இருக்கின்றன. ஒரு தூக்குவாளியும், வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடிய சிலரும் சேர்ந்தால் இந்த ஊரிலும் சாப்பாடு வாசல் தேடிப் போகும். போர்ட் அடிலெய்டில் பதினொரு பேர்தான் இருந்தார்கள்.