உறவினர் வீட்டுப் பிள்ளையும் மேல்நிலைச் சேர்க்கையும்

பெற்றோர் செங்கல் சூளைக்கோ வளைகுடாவுக்கோ பிழைக்கப் போய்விட, அம்மாச்சியிடமோ தாய்மாமன் வீட்டிலோ வளரும் பிள்ளைகள் தமிழகத்தில் ஏராளம். அப்படி வளர்ந்தவர் பதினைந்து வயதில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும்போது, 'அப்பா அம்மா வரட்டும். இல்லையென்றால் கார்டியன் என்பதற்குக் கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பும் பள்ளிகள் உண்டு. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த நிபந்தனையைப் பெரும்பாலான குடும்பங்களால் நிறைவேற்றவே முடியாது. அவர்கள் அலட்சியமாக இருப்பது இதற்குக் காரணமில்லை. சட்டமே அவர்களுக்கு வழிவிடவில்லை.

1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தந்தையோ தாயோ உயிரோடு இருந்து, பாதுகாவலராக இருக்கத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, சிறாரின் பராமரிப்புக்கு வேறொருவரைப் பாதுகாவலராக நியமிக்க முடியாது. துபாயில் உழைத்து மாதாமாதம் பணம் அனுப்பும் தந்தை எந்த வகையில் தகுதியற்றவர்? பள்ளி கேட்கும் தாளுக்காகத் தாய்மாமன் தன் மச்சானை நீதிமன்றத்தில் தகுதியற்றவராக நிறுவ வேண்டியிருக்கும். ஒரு சேர்க்கைப் படிவத்துக்காக உறவையே முறித்துக்கொள்ளச் சொல்வது கொடுமை.

இதே 1890 சட்டம், சிறாரைப் பராமரித்து வருபவரையே பாதுகாவலர் என்று வரையறுக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அவ்வழியே செல்கிறது: குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவர் பாதுகாவலர், இயற்கைப் பாதுகாவலரும் நீதிமன்றம் நியமித்தவரும் அதில் அடக்கம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதையோ வயதுச் சான்று இல்லாததையோ காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் அச்சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் அதன் வரம்பு ஆறு முதல் பதினான்கு வயது வரைதான். எட்டாம் வகுப்புவரை உரிமையாக இருந்தது ஒன்பதாம் வகுப்பிலிருந்து தலைமையாசிரியரின் மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடுகிறது. குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் வேறு மாவட்டத்தில், தந்தையின் முகவரியில் கிடக்கும். அம்மாச்சியின் அட்டையை நீட்டினால் செல்லாது என்பார்கள்.

கெடுபிடி இல்லாவிட்டால் குழந்தைக் கடத்தலும் குழந்தைத் தொழிலாளர் முறையும் பெருகும் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. என்றாலும் வாசலிலேயே திருப்பப்படும் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் போகிறது. வகுப்பில் இருக்கும் பிள்ளையை ஆசிரியர் தினமும் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. விசாரணை சேர்க்கைக்குப் பின் நடக்கலாம்.

கலிஃபோர்னியா இதற்கு ஒரு நடைமுறை கண்டிருக்கிறது. அம்மாநிலக் குடும்பச் சட்டத்தொகுப்பின் 6550ஆம் பிரிவின்படி, சிறார் தன் வீட்டில் வசிப்பதாகப் பராமரிப்பவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டாலே பள்ளியில் சேர்க்கலாம். பொய் சொன்னால் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு படிவத்தை ஏற்ற பள்ளிக்குப் பொறுப்பில்லை. பெற்றோரின் உரிமையும் அப்படியே நிற்கிறது. தலைமையாசிரியர்கள் தயங்குவது பெரும்பாலும் பின்னாளில் வரக்கூடிய வில்லங்கத்துக்கு அஞ்சித்தான் என்பதால், பள்ளிக்குப் பொறுப்பில்லை என்ற பகுதியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு இத்தகைய உறுதிமொழியைத் தமிழக அரசு ஓர் அரசாணையின் மூலம் ஏற்கலாம். அதில் மாணவருக்கும் ஒரு வரி வேண்டும். விவரமறிந்த வயதுச் சிறாரின் விருப்பத்தைப் பாதுகாவலர் நியமனத்தில் நீதிமன்றம் கருதலாம் என்று 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவே கூறுகிறது. யார் வீட்டிலிருந்து படிக்க விரும்புகிறார் என்பதை அந்தப் பதினைந்து வயதுக்காரர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிடட்டும்.