கண்டி நாட்டுக் களஞ்சியமும் அரிசி வண்டும்

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், நெல்லைக் கடன் கொடுத்து நூற்றுக்கு ஐம்பது வட்டியுடன் மீளப்பெற்றமையை 1681இல் வெளியான தம் நூலிற் கூறுகின்றார். நெல்லே செல்வமாயிருந்த அந்நாட்டில் அதனைக் காத்தலும் ஒரு கலையாயிற்று. மடவளை அடங்கிய தும்பறையிலும் ஏனைய கண்டிப் பகுதிகளிலும் வழங்கிய ‘பிஸ்ஸ’ எனும் களஞ்சியம் நிலத்தினின்றும் உயர்த்தி, பின்னிய சுவரிற் களிமண் பூசி அமைக்கப்பெற்றது. அதிலிருந்தது அரிசியன்று, நெல் என்பதே முக்கியம். உமி பழுதுறாத நெல்லை அரிசி வண்டு எளிதிற் பற்றாது; அந்துப்பூச்சியே அதற்குப் பெரும்பகை.

பெருந்தோட்டங்கள் இந்நிலையை மாற்றின. தொழிலாளருக்கென இந்தியாவிலிருந்து வந்த அரிசி, 1867இல் புகையிரதம் கண்டியை எட்டும்வரை மாட்டுவண்டிகளிலேயே மலையேறிற்று. உமி நீங்கிய மணியை வண்டு துளைத்து, முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடும். புழு ஏறத்தாழ ஒரு மாதம் உள்ளேயே வளருமாதலின், மூட்டைமேல் ஊர்வனவற்றை எண்ணுவோர் சேதத்தின் அளவை அறியார். ஆயின் அம்மறைவிடத்தை அறிந்த உயிர் ஒன்றுண்டு. 1881இல் ஹவாட் விவரித்த அனிசொப்டெரோமாலஸ் கலன்றே எனும் சிறு குளவி, மணிக்குள்ளிருக்கும் புழுவைத் தேடி அதன்மேல் முட்டையிடுகின்றது.

தானியத்தினுள் நடமாடும் பூச்சிகளைப் பிடித்தெண்ணும் குழாய்ப் பொறியை லொஷியாவோவும் அட்கின்சனும் கனடாவில் 1967இல் வெளியிட்டனர். அதற்குள் மலத்தியன் எங்கும் பரவிவிட்டது. உணவு விவசாய நிறுவனம் 1976இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, அம்மருந்துக்கு அஞ்சாத வண்டுகள் பல நாடுகளிற் பெருகியமையைக் காட்டிற்று. குளவியின் சில வழிகளும் அவ்வாற்றலைப் பெற்றிருந்தமை 1993இல் அமெரிக்காவில் அறியப்பட்டது. எனினும் வண்டு வேறு, குளவி வேறு எனக் கணக்கெடாத பண்டகசாலையில் இரண்டும் பூச்சியே. மருந்தும் இரண்டின்மேலும் ஒருங்கே தெளிக்கப்படுகின்றது.