ஜோம்பிசைட்

நண்பர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து ஜோம்பிகள் எனும் நடைபிணங்களை எதிர்க்கும் பலகை விளையாட்டு. ரஃபேல் கிதோன், ழான் பாப்டிஸ்ட் லூலியன், நிக்கோலா ராவுல் ஆகிய மூவர் வடிவமைத்தனர். கிக்ஸ்டார்ட்டர் வழியாக நிதி திரட்டி 2012இல் வெளிவந்தது. ஒருவர் முதல் ஆறு பேர் வரை ஆடலாம்.

தாயத்தில் எதிரியின் காயை வெட்டலாம்; இங்கே எதிரியாக மனிதர் எவரும் இல்லை. ஜோம்பிகளை ஆட்டவிதிகளும் சீட்டுகளும் இயக்குகின்றன. கண்ணில் பட்டவரை நோக்கி அவை நகரும். யாரும் தென்படாவிட்டால் சத்தம் அதிகமான இடத்துக்குப் போகும். கோடரியால் கதவை உடைப்பதும் துப்பாக்கியால் சுடுவதும் சத்தமே. ஆகவே ஒருவர் வேண்டுமென்றே சத்தமிட்டு, மற்றவர் தப்ப வழிவிடலாம்.

விளையாட்டின் மிகச் சிறந்த விதி அனுபவப் புள்ளி பற்றியது. ஜோம்பியைக் கொன்றால் புள்ளி கிடைக்கும், திறன் வளரும். ஆனால் புதிதாக வரும் ஜோம்பிகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது, அணியில் அதிக நிலையை எட்டியவரின் ஆபத்து நிறம்: நீலம், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. ஒருவர் மட்டும் முந்தினால் பின்தங்கியவர்களும் சிக்குவார்கள். சுடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு: முதற்பதிப்பில் தோழர் நிற்கும் இடத்தில் சுட்டால், குண்டு முதலில் அவர்மீதே பாயும்.

புதியவர்கள் விதிநூலிலுள்ள பயிற்சி ஆட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது.