வெள்ளிக்கிழமையும் திரைவிழாவும்: பெங்களூருவின் இரு திரை நாட்காட்டிகள்

பெங்களூருவில் திரைப்படம் மக்களை வந்தடைவதற்கு இரண்டு வழிகள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. ஒன்று, வாரந்தோறும் புதுப்படங்களைக் கொண்டுவரும் வணிக வெளியீடு. காந்திநகரின் வினியோக அலுவலகங்களும் கெம்பேகவுடா சாலையின் திரையரங்குகளும் அதன் மையங்கள். மற்றொன்று, ஆண்டுக்கொரு முறையோ ஒரு குறிப்பிட்ட வகைப் படங்களுக்கென்றோ நடத்தப்படும் திரைவிழா. திரைப்படச் சங்கங்களே அதன் வேர்கள். இவ்விரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இந்நகரின் திரை வரலாற்றை அடியொற்றிப் பார்க்கும்போது, ஒரு படத்திற்குத் திரையரங்கில் எத்தனை நாள் இடம் கிடைக்கிறது என்பதே இரண்டின் வளத்தையும் தீர்மானித்திருக்கிறது என்பது தெளிவாகும்.

இன்று ஒரே மாநகராகத் தோன்றும் பெங்களூரு, திரைப்படம் வந்து சேர்ந்த காலத்தில் இரு வேறு நிர்வாகங்களின் கீழ் இருந்தது. மைசூர் சமஸ்தானத்துக்கு உட்பட்ட பழைய பேட்டை ஒருபுறமும், 1809 முதல் ஆங்கிலேயப் படையினருக்காக உருவாகி, பின்னர் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த கண்டோன்மெண்ட் மறுபுறமும் அமைந்திருந்தன. 1947இல்தான் கண்டோன்மெண்ட் சமஸ்தானத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது, 1949இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. சென்னை ராணுவத்தைப் பின்தொடர்ந்து வந்த தமிழர்கள் சிவாஜிநகர், அல்சூர் போன்ற பகுதிகளில் பெருமளவில் குடியேறியிருந்தமையால், கண்டோன்மெண்டின் கொட்டகைகளில் ஆங்கிலப் படங்களுக்கும் தமிழ்ப் படங்களுக்கும் தொடக்கம் முதலே பார்வையாளர் இருந்தனர். சிவாஜிநகரின் எல்ஜின் டாக்கீஸ், மகாத்மா காந்தி சாலையின் பிளாசா, பிரிகேட் சாலையின் ரெக்ஸ் ஆகியவை அந்தப் பகுதியின் திரை வாழ்வைத் தாங்கி நின்றன. பேட்டைப் பகுதியிலோ, நாடகக் கொட்டகைகளே மெல்லமெல்லத் திரையரங்குகளாக மாறின. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1905இல் நகருக்கு மின்சாரம் கிடைத்தது இம்மாற்றத்துக்குத் துணைசெய்தது. 1920களின் இறுதியில் ஹரிபாய் தேசாயின் சூர்யா பிலிம் கம்பெனி பெங்களூருவிலேயே மௌனப் படங்களைத் தயாரிக்கும் அளவுக்கு இத்தொழில் வேரூன்றியிருந்தது.

கன்னடத்தில் முதலில் வெளியான பேசும் படமான ‘சதி சுலோசனா’, 1934 மார்ச் 3 அன்று, சிட்டி மார்க்கெட்டுக்கு அருகிலிருந்த பாரமவுண்ட் திரையரங்கில் வெளியாயிற்று. ஒய்.வி. ராவ் இயக்கி, சுப்பையா நாயுடுவும் ஆர். நாகேந்திர ராவும் நடித்த அப்படம், ஒலிப்பதிவு வசதியுள்ள படப்பிடிப்புத் தளம் உள்ளூரில் இல்லாத காரணத்தால் கோலாப்பூரில் எடுக்கப்பட்டது. அது வெளியான நாளும் கவனிக்கத்தக்கது. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14 அன்றும், தமிழின் ‘காளிதாஸ்’ அதே ஆண்டு அக்டோபர் 31 அன்றும், தெலுங்கின் ‘பக்த பிரகலாதா’ 1932 பிப்ரவரி 6 அன்றும் வெளியாயின. இவற்றோடு ‘சதி சுலோசனா’வின் நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால் நான்குமே சனிக்கிழமைகள். ஆகவே, புதுப்படம் என்றால் வெள்ளிக்கிழமை என்னும் வழக்கம் தொடக்கம் முதல் இருந்ததன்று; வார இறுதி வசூலை மூன்று நாட்களாக நீட்டிக்கொள்ளும் வணிகக் கணக்கு பின்னாளில் வலுப்பெற்றபோதே அது நிலைபெற்றது. அண்மைக் காலத்தில் பெரிய நடிகர்களின் படங்கள் வியாழக்கிழமையே வெளிவருவதும் அதே கணக்கின் தொடர்ச்சிதான்.

விடுதலைக்குப் பின் இந்த வாராந்தர வணிகத்தின் மையம் கெம்பேகவுடா சாலைக்கும் அதையடுத்த காந்திநகருக்கும் வந்து சேர்ந்தது. அங்கிருந்த மெஜஸ்டிக் திரையரங்கின் பெயராலேயே அந்த வட்டாரம் முழுவதும், பின்னர் அங்கு அமைந்த பேருந்து நிலையமும்கூட, இன்றுவரை அழைக்கப்படுகின்றன. ஸ்டேட்ஸ், சாகர், அலங்கார், மேனகா, திரிபுவன், நர்த்தகி, சந்தோஷ், சற்றுத் தள்ளி சுபேதார் சத்திரம் சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட கபாலி எனத் திரையரங்குகள் நெருங்கி நின்றன. ஒரு கன்னடப் படம் மாநிலம் முழுவதும் வெளியானாலும் இச்சாலையின் ஏதேனும் ஒரு திரையரங்கே அதன் ‘மெயின் தியேட்டர்’ எனக் கொள்ளப்பட்டது. கட்அவுட்டும் மாலையும் முதல் காட்சிக்கு நடிகர்கள் வருவதும் அங்குதான். மாநிலத்தை வணிகர்கள் பல ஏரியாக்களாகப் பிரித்துக்கொண்டனர். அவற்றுள் பெங்களூரு, கோலார், தும்கூரு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த பி.கே.டி. என்பது பெருமதிப்புடைய ஏரியா.

இந்த வணிகத்தின் உள்ளமைப்பை அறிந்தால்தான் ஒரு படத்தின் ஆயுள் எப்படி முடிவாகிறது என்பது விளங்கும். கர்நாடகத்தின் தனித்திரை அரங்குகளில், அதாவது ஒரே திரையை மட்டும் கொண்ட பழைய அரங்குகளில், வாடகை முறை நெடுங்காலம் நிலவியது. வசூலை உரிமையாளரும் வினியோகஸ்தரும் விழுக்காட்டுக் கணக்கில் பங்கிட்டுக்கொள்வதற்கு மாறாக, ஒரு வாரத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகையை வினியோகஸ்தர் அரங்குக்குக் கட்டிவிட வேண்டும். வசூல் அதற்கு மேல் போனால் ஆதாயம் அவருக்கு, குறைந்தால் நட்டமும் அவருக்கே. கூட்டம் வரும் படத்துக்கு இம்முறை பேருதவி. ஒருவர் சொல்லி மற்றொருவர் அறிந்து மெதுவாகக் கூட்டம் சேரும் படத்துக்கோ, இரண்டாம் வார வாடகையைக் கட்டும் துணிவு வினியோகஸ்தருக்கு இருந்தாலொழிய, வாய்ப்பே இல்லை.

அந்தத் துணிவு பலித்த காலமும் உண்டு. 1972 மார்ச் 31 அன்று வெளியான, ராஜ்குமார் நடித்த ‘பங்காரத மனுஷ்யா’ ஸ்டேட்ஸ் திரையரங்கில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஓடியது. நகரத்து வாழ்வை விட்டுக் கிராமத்துக்குத் திரும்பி உழவைக் கையிலெடுக்கும் ஒருவனின் கதையை மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து மீண்டும் மீண்டும் பார்த்தனர். ஒரு படம் நிதானமாகத் தன் பார்வையாளரைத் தேடிக்கொள்ள அன்றைய திரையரங்கு இடம் கொடுத்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

இதே ஆண்டுகளில்தான் மற்றொரு நாட்காட்டியும் உருவாயிற்று. திரைப்படச் சங்கம் என்பது, உறுப்பினர் கட்டணத்தைக் கொண்டு, வணிக அரங்குகளுக்கு வராத உலகப் படங்களை வரவழைத்துத் திரையிட்டு விவாதிக்கும் அமைப்பு. 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் அவர் நண்பர்களும் தொடங்கிய சங்கம் நாட்டின் பிற பகுதிகளுக்கும் ஊக்கமளித்தது. 1959இல் இச்சங்கங்களின் கூட்டமைப்பு பிறந்தது. பெங்களூருவில் 1971இல் தொடங்கப்பட்டு, பனசங்கரியில் தனக்கெனச் சொந்த அரங்கையும் அமைத்துக்கொண்ட சுசித்ரா திரைப்படச் சங்கம் இவ்வகையில் முதன்மையானது. அது பிறந்த சூழலும் முக்கியமானது. யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவலைத் தழுவிப் பட்டாபிராம ரெட்டி இயக்கிய ‘சம்ஸ்காரா’, சாதி உணர்வைக் கிளறும் என்ற அச்சத்தில் சென்னைத் தணிக்கைக் குழுவால் முதலில் தடுக்கப்பட்டு, பின்னர் அனுமதி பெற்று, 1970ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வென்றிருந்தது. தொடர்ந்து பி.வி. காரந்தின் ‘சோமன துடி’யும் கிரீஷ் காசரவள்ளியின் ‘கடஸ்ராத்த’வும் அதே விருதைப் பெற்றன. புதிய கன்னடப் படங்களை எடுத்தவர்களையும் அவற்றைப் பார்க்கத் தெரிந்தவர்களையும் ஒரே இடத்தில் சந்திக்கவைத்தவை இச்சங்கங்களே.

இந்தியாவின் சர்வதேசத் திரைவிழா 1952இல் பம்பாயில் தொடங்கியது. பின்னர், டெல்லியில் போட்டி விழா நடக்காத ஆண்டுகளில் ‘ஃபிலிமோத்சவ்’ என்ற பெயரில் போட்டியற்ற விழா ஒவ்வொரு நகரமாகச் சுற்றிவந்தபோது, 1980இல் அது பெங்களூருவை அடைந்தது. திரைவிழாவில் காட்டப்படும் படங்களுக்கு 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழிலிருந்து மத்திய அரசு விலக்களிக்கலாம் என்பதால், வெட்டுகள் இல்லாத அயல்நாட்டுப் படங்களைக் காணும் அரிய வாய்ப்பாக அவ்விழாக்கள் அமைந்தன. அந்த விலக்கைக் கேள்விப்பட்டு மட்டுமே வந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆயினும் ஒரு தலைமுறை மாணவர்களும் எழுத்தாளர்களும் உலக சினிமாவைப் பெரிய திரையில் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். 1992 ஜனவரியில் அவ்விழா இரண்டாம் முறை இந்நகருக்கு வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையடுத்து நகரத் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்து ஒரு மாதம்கூட முழுமையாகக் கழியாத வேளை அது என்பதை, விழாவின் வரலாற்றை எழுதுபவர் மறக்கலாகாது.

நகரத்துக்கே உரிய விழா 2006இல் தோன்றியது. சுசித்ராவின் முயற்சியும் மாநில அரசின் ஆதரவும் இணைந்து உருவான பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழா, பின்னர் கர்நாடக சலனசித்ர அகாடமியின் பொறுப்பில் வளர்ந்து, ஆசியப் படங்கள், ‘சித்ரபாரதி’ என்னும் இந்தியப் படங்கள், கன்னடப் படங்கள் ஆகிய பிரிவுகளில் போட்டிகளையும் நடத்திவருகிறது. அதனோடு கூடவே ஒரே வகைக்கோ ஒரே கருப்பொருளுக்கோ உரிய விழாக்களும் பெருகின. தண்ணீரைப் பற்றிய படங்களுக்காகவே பெங்களூர் ஃபிலிம் சொசைட்டி நடத்தும் ‘வாய்சஸ் ஃப்ரம் தி வாட்டர்ஸ்’, பால்புதுமையினரின் வாழ்வைப் பேசும் படங்களுக்கான பெங்களூர் குயர் திரைப்பட விழா, குறும்படங்களுக்கான சர்வதேச விழா ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கன. வணிக வெளியீட்டில் ஒரு நாள்கூட இடம்பெற முடியாத படங்களுக்கும் அவற்றைத் தேடும் பார்வையாளர்களுக்கும் இவ்விழாக்கள் உண்மையான புகலிடமாக விளங்குகின்றன.

வாராந்தர வெளியீடோ, மொழிப் பூசலின் களமாகவும் மாறியது. 1960களின் மொழிமாற்று எதிர்ப்பு இயக்கத்துக்குப் பின் கன்னடத்தில் மொழிமாற்றுப் படங்கள் வெளியாவது நின்றுபோனது. 2015இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் தீர்ப்பு வந்த பின்னரே அத்தடை தளர்ந்தது. 2004இல், பிற மொழிப் படங்கள் பிற இடங்களில் வெளியாகி ஏழு வாரங்கள் கழித்தே கர்நாடகத்தில் திரையிடப்பட வேண்டும் என்று கன்னடத் திரைத்துறையினர் வலியுறுத்தினர். 2018 ஜூன் 7 அன்று வெளியான ‘காலா’வுக்கும், 2025 ஜூன் 5 அன்று வெளியான ‘தக் லைஃப்’ படத்துக்கும் இதே நகரில் எதிர்ப்பு மூண்டது; பின்னதன் வழக்கில், தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தைத் திரையிடப் பாதுகாப்பளிப்பது மாநில அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கன்னடப் படங்களுக்குச் சொந்த மண்ணில் போதிய அரங்குகள் இல்லை என்ற மனக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் அக்குறை, பிற மொழிப் படங்களைத் தடுத்ததால் தீரவில்லை. அரங்குகள் குறைந்துகொண்டே போனதால் கூடவே செய்தது.

அரங்குகள் குறைந்த கதை வேதனையானது. பிளாசா இருந்த இடத்தை மெட்ரோ ரயில் எடுத்துக்கொண்டது. கபாலி இடிக்கப்பட்டது. ரெக்ஸ் 2018 டிசம்பர் 31 அன்று கடைசிக் காட்சியோடு மூடப்பட்டது. 1974இல் தொடங்கிய சாங்கி சாலையின் காவேரி, 2024இல் நின்றுபோனது. இவற்றின் இடத்துக்கு வந்த பல்திரை அரங்குகள், தொடக்கத்தில் சிறிய படங்களுக்கு நம்பிக்கையளித்தன என்பதை மறுக்க முடியாது. 2006 டிசம்பர் 29 அன்று வெளியான ‘முங்காரு மளே’, பி.வி.ஆர். அரங்கில் ஓராண்டுக்கும் மேல் ஓடியதே அதற்குச் சான்று. ஆயினும் நாளடைவில் நுழைவுச்சீட்டின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2025 செப்டம்பரில் மாநில அரசு 200 ரூபாயை உச்சவரம்பாக விதித்தபோது, அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

இந்நிலையில் திரைவிழாவில் போற்றப்பட்ட படம் வெள்ளிக்கிழமையின் நெரிசலுக்குள் வந்து சேர்வது அரிதாகிவிட்டது. 2015இல் லொகார்னோ விழாவில் விருது பெற்ற ராம் ரெட்டியின் ‘திதி’, மண்டியா மாவட்டத்துக் கிராமத்தாரையே நடிக்கவைத்து எடுக்கப்பட்ட படம். 2016 மே மாதத்தில் கர்நாடகத்தில் வெளியாகி மக்களின் வரவேற்பைப் பெற்றது. விழாவின் ரசனைக்கும் பொதுமக்களின் ரசனைக்கும் இடையே கடக்க முடியாத பள்ளம் எதுவும் இல்லை என்பதை அது நிறுவியது. அதற்கு மாறாக, 2022இல் பூசான் விழாவில் விருது வென்ற ‘சிவம்மா’ சொந்த மாநிலத் திரையரங்குகளுக்கு வர 2024 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே, பெங்களூருவின் திரை வரலாறு சுட்டிக்காட்டும் தேவை ஒன்றே. விழாவுக்காக ஆண்டுதோறும் பொதுப்பணத்தைச் செலவிடும் அரசு, அவ்விழாவில் தேர்வாகும் கன்னட, இந்தியப் படங்களுக்கு, விழா முடிந்ததும், எளிய கட்டணத்தில் இரண்டு வாரங்களேனும் ஓடுவதற்கு எஞ்சியுள்ள தனித்திரை அரங்குகளில் இடம் உறுதிசெய்ய வேண்டும். முதல் வார வாடகையின் சுமையை வினியோகஸ்தரின் தோளிலிருந்து இறக்குவதே அதற்குப் போதுமான தொடக்கம். அரங்குகளுக்கும் அது வாழ்வளிக்கும். படம் பார்ப்போரின் பங்கும் இதில் உண்டு: விழாவில் வரிசையில் நின்று படம் பார்க்கும் ரசிகர், அதே படம் தம் ஊர் அரங்குக்கு வரும்போது முதல் வாரத்திலேயே சீட்டு வாங்க வேண்டும்.