வீட்டு சோப்பு: காயவிடும் நாள்களைக் குறைத்தால் தரம் போய்விடும்

ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் சுற்று வட்டாரத்தில் நெல்லும் கீரையும் மல்லிகையும் பார்த்துக்கொண்டே, தேங்காய் எண்ணெயில் குப்பைமேனி, கற்றாழை, ஆட்டுப்பால் சேர்த்து சோப்பு செய்து விற்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வாடிக்கையாளரிடமிருந்து வரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "வாசனை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே வாரத்தில் கரைந்துவிட்டது." எண்ணெயை மாற்றிப் பார்ப்பார்கள், மூலிகையை மாற்றிப் பார்ப்பார்கள். பல நேரம் குறை அங்கே இருக்காது. சோப்பு காயும் முன்பே விற்பனைக்குப் போயிருக்கும்.

புது நெல்லைக் குத்தி உடனே சமைத்தால் சோறு குழைவது உங்களுக்குத் தெரியும். சோப்பும் அப்படித்தான். அச்சிலிருந்து எடுத்த மறுநாளே கட்டியாக இருக்கும், நுரையும் வரும். ஆனால் அதற்குள் நிறையத் தண்ணீர் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோல் வறண்டுபோகாமல் இருக்க 10 சதவீத எண்ணெயை மிச்சம் விட்டால் 165 கிராம் போதும். அதைக் கரைக்க 330 கிராம் தண்ணீர். மொத்தம் ஏறத்தாழ 1.5 கிலோ. இதில் கொழுப்புப் பொருள் சுமார் 940 கிராம், அதாவது 63 சதவீதம். சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று போட்டிருப்பார்களே, அது இந்த அளவுதான். குளியல் சோப்புக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 சதவீதம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். உங்கள் சோப்பு நன்றாகக் காய்ந்து 180 கிராம் தண்ணீரை இழந்தால், அதே 940 கிராம் கொழுப்பு 1,320 கிராமில் இருக்கும். இப்போது 71 சதவீதம். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல், மூன்றாம் தரத்து அளவில் இருந்தது இரண்டாம் தரத்து அளவுக்கு வந்துவிட்டது.

எடை விஷயத்திலும் கவனம் வேண்டும். 100 கிராம் என்று அச்சடித்த உறையில் ஈரக்கட்டியைப் போட்டால், வாடிக்கையாளர் வீட்டில் அது 88 கிராமாக நிற்கும். 100 கிராம் விற்க வேண்டுமானால் 115 கிராம் ஊற்றுங்கள்.

எத்தனை நாள்?

பொதுவாக 4 முதல் 6 வாரம் என்பார்கள். வறண்ட ஊர்களுக்கு அது சரி. நம் பகுதிக்கு நாள்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. பங்குனி, சித்திரையில் 4, 5 வாரத்தில் முடிவது, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 7, 8 வாரம்கூட இழுக்கும். சோப்பு உருவாகும்போதே அதில் கிளிசரினும் உண்டாகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைநாளில் கட்டியின் மேல் முத்து முத்தாக வியர்ப்பது இதனால்தான். சோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

நம்பகமான வழி தராசு. ஒவ்வொரு தடவை ஊற்றியதிலிருந்தும் மூன்று கட்டிகளுக்கு அடையாளம் போட்டு, வாரம் ஒரு நாள், அதே தராசில் எடை பார்த்து எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் எடை வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும். 100 கிராம் கட்டியில் ஒரு வாரத்துக்கு 1 கிராமுக்கும் குறைவாக இறங்கினால் உறை போடலாம். மழை வாரத்தில் எடை இறங்காமல் நின்றால் ஏமாறாதீர்கள். வெயில் திரும்பியதும் இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும், அதனால் ஊற்றிய மறுநாளைத் தாண்டாமல் துண்டு போட்டுவிடுங்கள், தாமதித்தால் உடையும். மூங்கில் தட்டிலோ பிளாஸ்டிக் வலைத்தட்டிலோ விரல் இடைவெளி விட்டு அடுக்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். இரும்புத் தட்டு வேண்டாம், துருப் பட்ட இடத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வெயிலிலும் போடக் கூடாது. மேல்பக்கம் மட்டும் காய்ந்து கட்டி வளையும், மூலிகை நிறமும் வெளுக்கும். அவசரப்பட்டு பாலித்தீன் சுற்றினால் உள்ளே வியர்த்து, பச்சிலை அரைத்துப் போட்ட சோப்பில் பூஞ்சணம் பிடிக்கும். பச்சிலைச் சாறும் ஆட்டுப்பாலும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். 330 கிராம் தண்ணீருக்கு மேல் தனியாக ஊற்றினால் காயும் நாளும் கூடும்.

சூடாக்கிக் காய்ச்சும் முறையில் செய்பவர்களுக்கும் இரண்டு வாரமாவது காயவிட வேண்டும். கடையில் வாங்கிய சோப் பேஸை உருக்கி ஊற்றுபவர்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. அந்தப் பயிற்சிக்குப் போய்வந்துவிட்டு, காஸ்டிக் சோடா முறையிலும் மறுநாளே விற்கலாம் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

காயவிட்டால் காரம் போகுமா?

அளவு சரியாக இருந்தால், சோடாவும் எண்ணெயும் சேரும் வேலை பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று நாளிலேயே முடிந்துவிடும். பிறகு நடப்பது முக்கியமாகத் தண்ணீர் வெளியேறி கட்டி இறுகுவதுதான். ஆகவே சோடாவைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, "ஆறு வாரம் வைத்தால் சரியாகிவிடும்" என்று நினைக்காதீர்கள். அந்த சோப்பு தோலை எரிக்கும். ஒரு வாரம் கழித்து 1 கிராம் சோப்பை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, பி.எச். தாளை நனையுங்கள். 9 முதல் 10 வரை இருந்தால் நல்லது. 11-ஐத் தொட்டால் குளியலுக்கு வேண்டாம், குழந்தைகளுக்கு நிச்சயம் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு தரை கழுவப் பயன்படுத்தலாம். சோடாவை 1 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் மின்னணுத் தராசில் நிறுத்துப் போட்டால் இந்தத் தொல்லை வராது. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரை சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது.

சிரியாவின் அலெப்போ நகரில் ஆலிவ் எண்ணெய் சோப்பை மாதக்கணக்கில் அடுக்கிவைத்துக் காயவிட்டுத்தான் விற்பார்கள். நம் தேங்காய் எண்ணெய்க்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் மாதம் 200 கட்டி விற்பவர், எப்போதும் இரண்டு மாதச் சரக்கு தட்டில் இருக்கும்படி திட்டமிட வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு வேண்டியதை ஆவணி, புரட்டாசியிலேயே ஊற்றிவிடுங்கள். வீட்டு உபயோகத்துக்குச் செய்ய அனுமதி தேவையில்லை. விற்பதாக இருந்தால் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். விண்ணப்பிக்கப் போகும்போது எடை எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள்.