முறைப்பாட்டு மேசைக்கு முன்னால ஒரு பெண்

"பொலிஸுக்கெல்லாம் போகாத புள்ள, உன்ட பேர்தான் கெட்டுப்போகும்." ஆலையடிவேம்பிலயும் சரி, அக்கரைப்பற்றிலயும் சரி, இந்தப் பேச்சைக் கேட்காத பெண்கள் குறைவு. இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட ஏலாது. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. பாலியல் வன்முறையை விசாரிக்கத் தனிப் பொலிஸ் பிரிவு வேணும் என்ற யோசனை வளர்ந்ததும் இதே பயத்துக்குப் பதில் தேடித்தான்.

1982இல் பிபிசி தொலைக்காட்சி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. முறைப்பாடு சொல்ல வந்த பெண்ணை மூன்று ஆண் அதிகாரிகள் நம்பாமல் குறுக்குக் கேள்விகளால் மடக்கும் காட்சி அதில் இருந்தது. இங்கிலாந்தே கொதித்தது. அதன்பிறகு அங்கே விசாரணை முறைகள் மாறத் தொடங்கின. 1985இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பெண்களுக்கான தனிப் பொலிஸ் நிலையம் திறக்கப்பட்டது. 1986இல் மான்செஸ்டரில், மருத்துவப் பரிசோதனையும் ஆற்றுப்படுத்தலும் ஒரே இடத்தில் கிடைக்கும் நிலையம் வந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதலாவது அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. ஆனால் பெண் அதிகாரி இருந்தால் மட்டும் போதாது. 'சமாதானமாப் போங்க' என்று அவரும் சொன்னால் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியிருக்கும்.

எங்கட நாட்டில் 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. சம்மதம் இல்லை என்று நிரூபிக்க உடம்பில் காயம் இருந்தே ஆகவேணும் என்பதில்லை என்று அந்தத் திருத்தம் தெளிவாகச் சொன்னது. தடுப்புக்காவலில் நடக்கும் வன்புணர்வுக்குக் கூடுதல் தண்டனையும் வைத்தது. இரண்டே வருடத்தில், 1997 மே மாதம், எங்கட அம்பாறை மாவட்டத்தின் மத்திய முகாம் பகுதியில் ஒரு தாய் கொல்லப்பட்டார். அவரை வன்புணர்ந்து, கைக்குண்டால் கொன்றதாகப் பொலிஸார் மீதே குற்றம் சுமத்தப்பட்டது. யாரிடம் முறையிட வேணுமோ அவர் மீதே முறைப்பாடு என்றால், எங்கே போறது? "போகாத புள்ள" என்று சொல்லும் அம்மாமாரின் மனதில் இந்த நினைவும் கிடக்கு.

இப்போது பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவு இயங்குது. ஒழுங்காக நடந்தால் வேலை இப்படித்தான்: பெண் உத்தியோகத்தர் தனி இடத்தில் வாக்குமூலம் எடுப்பார். சட்ட வைத்தியப் படிவத்துடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். சட்ட வைத்திய அதிகாரி சம்மதம் கேட்டுப் பரிசோதிப்பார். உடுப்புக் கழுவாமல் இருந்தால் தடயம் தப்பும். கர்ப்பத்தையும் எச்ஐவி தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு கெதியாக ஏலுமோ அவ்வளவு கெதியாகத் தொடங்க வேணும். அதனால் பொலிஸுக்குப் போகத் தயங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு முதலில் போகலாம். பல அரச ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' இருக்கு. அங்கே பேசி ஆறலாம்.

எங்கட பக்கத்தில் இன்னுமொரு சிக்கல் மொழி. தமிழில் அழுதுகொண்டு சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டால், நீதிமன்றத்தில் நிற்கப்போவது யாருடைய சொல்? வாக்குமூலத்தில் ஒரு சொல் பிசகினாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் பிடிப்பார். 1987இல் தமிழும் அரச கரும மொழியாகியது. வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்றும் அரசியலமைப்பு சொல்லுது. அதனால் தமிழில் எழுதக் கேட்பது சலுகை இல்லை, உரிமை. விளங்காத மொழியில் எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடத் தேவையில்லை.

2015இலும் பிறகு 2023இலும் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கச் சட்டங்கள் வந்தன. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் குற்றம். இது முகநூலில் படம் பகிரும் எங்களுக்கும்தான். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது.

தனிப் பிரிவு வந்துவிட்டது என்பதற்காகப் பயம் தானாகப் போகாது. வாற பெண்ணை முதல் கேள்வியிலேயே சந்தேகிக்காத ஒரு உத்தியோகத்தர், கதவு சாத்திய ஒரு அறை, தமிழில் எழுதிய ஒரு வாக்குமூலம். இந்த மூன்றும் எல்லா நிலையத்திலும் கிடைக்கும்வரை, "ஏன் அப்பவே சொல்லல்ல?" என்று அவளிடம் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை.